தவமணியானம்

பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதுக்குன்னு கேட்டேன். சும்மா கிடந்துச்சு, போட்டேன்னாரு. சும்மா கிடக்குமாம்ல. போன மாசம் எனக்கு வீசிங் வந்து ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடந்தப்போ கைலியக் கட்டிட்டு வந்து நின்ன மனுசன்தானே இவரு. அன்னிக்கு இந்தச் சட்டை எந்த பீரோவுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சோ. சரி, போகட்டும். எப்சி வர்றா. திருநெல்வேலியிலிருந்து புரொஃபஸர் எப்சிபா மேடம் வர்றாங்க, எங்க வீட்டுக்காரரு வாசல்ல தோரணம் கட்டாத குறை. நான் இங்க போடி காலேஜ்ல, காய்ஞ்ச செடி கொடியை எல்லாம் அடுக்கி வைக்கற ஹெர்பேரியத்துல, சனிக்கிழமை மத்தியானம், ஈ காக்கா இல்லாத கட்டடத்துல, அந்துருண்டை வாடையில உக்காந்து அவளுக்கு உறை மடிச்சிட்டு இருக்கேன். சாதா பழுப்பு உறை கிடையாது, சிவப்பு உறை. உலகத்துக்கே புதுசா ஒரு இனம் கண்டுபிடிச்சா, எந்தத் துண்டைப் பாத்துப் பேரு வச்சாங்களோ அந்தத் துண்டைச் சிவப்பு உறையில போட்டுத் தனி பீரோவுல பூட்டி வைக்கணும். இத்தனை வருச சர்வீஸ்ல இந்த ஹெர்பேரியத்துக்கு இதுதான் முதல் சிவப்பு உறை. சந்தோஷப்படணும். பொறுப்பாளர்னு பலகையில என் பேருதான் இருக்கு, அங்கயற்கண்ணி. சந்தோஷமாத்தான் இருக்கேன். வயிறுதான் எரியுது, அது மத்தியானம் மோர்க்குழம்பு ஊத்திக்கிட்டதால இருக்கும்.

புது இனம்னா என்னமோ புலியோ யானையோன்னு நினைச்சிர வேண்டாம். லைக்கன். மரத்துலயும் பாறையிலயும் சாம்பல் நிறத்துல படை மாதிரி படர்ந்து கிடக்கும், கறிக்குழம்புக்குக் கல்பாசின்னு போடறமே, அந்தச் சாதி. அதுல பார்மோட்ரீமான்னு ஒரு பேரினம். இத்தனை நாளா எங்கிட்ட ஒரே இனம்னு ஒரே பெட்டியில கிடந்ததை எடுத்து வச்சுக்கிட்டு, இல்லக்கா, இதுல சோலைக்காட்டுல எடுத்தது மட்டும் வேறன்னு சொல்லிட்டா எப்சி. சொன்னது இருக்கட்டும். அதுக்கு வச்ச பேருதான் தொண்டையில நிக்குது. தவமணியானம். எங்க வீட்டுக்காரரு தவமணி இருக்காருல்ல, இதே காலேஜ்ல பாட்டனி சொல்லிக் கொடுத்தவரு, அவரு பேருல. சார்தானேக்கா மொதல்ல கண்ணுல பாத்தது, சாருக்கு நான் செய்யற மரியாதைக்கான்னு போன்ல சொல்றா, அழுகுறா வேற. எனக்கு இதுல தெரிஞ்ச ஒரு விசயம் பாலூத்துற பாண்டிக்கோ இவரோட சின்னமனூர் அண்ணனுக்கோ தெரியாது. எங்க தொழில்ல ஒரு இனத்தோட பேரை எழுதுனா, அதோட ஒட்டி, பேரு வச்சவங்க பேரையும் எழுதணும். சட்டம். எங்க அச்சடிச்சாலும், எந்த நாட்டுல எவன் எழுதுனாலும், பார்மோட்ரீமா தவமணியானம் எப்சிபா. கல்யாணப் பத்திரிகையில போடற மாதிரி. தவமணியானம் எப்சிபா. நான் செத்து, இவரு செத்து, அவளும் செத்து, இந்தக் கட்டடமும் இடிஞ்சதுக்கு அப்புறமும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. எங்க கல்யாணப் பத்திரிகை ஒண்ணு பாக்கி இல்ல, இருந்த ஒண்ணையும் கரையான் தின்னுருச்சு. இவரு என்னடான்னா பாண்டிகிட்ட, என் பேருல ஒரு கல்பாசி இருக்குடான்னு சொல்லி, அவன் பாவம், கடை போடப் போறீங்களா சார்னு கேட்டுட்டுப் போறான்.

சரி, வேலையைப் பாரு. பெட்டிக்குள்ள பொட்டலம் பொட்டலமா கிடக்கு. ஒவ்வொண்ணும் நான் மடிச்சது, மலைக்குப் போறப்பவே ஒரு கட்டு மடிச்சுக் கொடுத்து விடுவேன். காகிதத்தை மூணா மடிச்சு, ரெண்டு பக்கமும் உள்ள சொருகணும், அப்பத்தான் தூள் கொட்டாது. மேல லேபிள், அதுவும் என் கையெழுத்து. அவங்க மலையிலிருந்து சாக்குல கட்டிக் கொண்டு வருவாங்க, நான் காய வச்சு, மருந்து போட்டு, எழுதி, அடுக்குவேன். குரங்கணி, பாறை, வெயில் முகம், சேகரித்தவர் தவமணி, எப்சிபா. மேகமலை, தேயிலைத் தோட்டம், சில்வர் ஓக் மரப்பட்டை, சேகரித்தவர் தவமணி, எப்சிபா. அடிவாரம், மாமரம், ரோட்டோரம், தவமணி, எப்சிபா. கொடைக்கானல், பழைய கல்லறைத் தோட்டம், சிலுவைக் கல்லுல வடக்குப் பக்கம், ஈரம். கல்லறைத் தோட்டத்துல உங்களுக்கு என்ன வேலைன்னு அன்னிக்கே கேட்டேன். வடக்குப் பக்கந்தான் நல்லா வளரும் கண்ணின்னாரு. வளரும் வளரும். வெயில்லயும் வளருது, நிழல்லயும் வளருது, பாறையிலயும் பட்டையிலயும் செத்தவன் தலைமாட்டுலயும் வளருது, எங்க வச்சாலும் பிழைச்சுக்கற சென்மம். எனக்கு அப்படியா? குளிர் காத்து ஆகாது. கல்யாணம் ஆன புதுசுல ஒரே ஒரு தடவை டாப் ஸ்டேஷன் கூட்டிட்டுப் போனாரு. மூச்சு இழுத்துக்கிச்சு. பாதி ராத்திரியில ஜீப் பிடிச்சு இறக்கிக் கொண்டு வந்தாரு. அதுக்கப்புறம் நான் கூப்பிடவும் இல்ல, அவரு கேக்கவும் இல்ல. அந்த இடத்துக்குத்தான் அவ வந்தா, இவரோட புராஜெக்ட்டுல சேர்ந்து, இருபத்தி அஞ்சு வயசுல, ரெட்டைச் சடையில, மரத்துல ஏறத் தெரிஞ்ச பொண்ணு. தப்பா ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லாத் தெரியும், தப்பா ஒண்ணும் நடக்கல. ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். அட லூசே, அது நம்ம பிள்ளை மாதிரின்னாரு. அது உண்மையும்தான். தப்பா ஏதாச்சும் இருந்திருந்தா பிடிச்சு உலுக்கி, ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேனே, எனக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். இது என்னன்னு கேக்கறதுன்னே தெரியாத விசயம். சாக்கைக் கீழ போட்டுட்டு ரெண்டு பேரும் கால்ல ஏறின அட்டையைப் பிச்சுப் போட்டுக்கிட்டே ஏதோ சொல்லிச் சிரிப்பாங்க. என்னான்னு கேட்டா, அது அங்க இருந்தாத்தான் கண்ணி சிரிப்பு வரும்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிருவாரு. அங்க இருந்தாத்தான். நான் எங்கடா அங்க இருக்கறது? எனக்கு வந்ததெல்லாம் காய்ஞ்சு போனதுதான், பொட்டலத்துல.

இந்தா, சோலைப் பொட்டலம் வந்துருச்சு. வட்டவடை போற வழி, சோலைக்காடு, மரக்கிளை, மூடுபனி. இதுதான் மகாராசா, இதுதான் தவமணியானம். கண்ணாடிய வச்சுப் பாக்கறேன். மடல் கொஞ்சம் அகலமா இருக்குதான், இல்லேங்கல. மூடுபனியில வளர்ந்தா அகலமாத்தான் இருக்கும், எனக்கு யாராச்சும் அப்படி ஒரு ஈரத்துல இடம் கொடுத்திருந்தா நானும் அகலமாயிருப்பேன். ஆனா அவ மடலை மட்டும் வச்சுப் பேசல, மருந்தை வச்சுப் பேசறா. இந்த இனத்தோட மேல்தோலை பிளேடால சீவிட்டு, உள்ள இருக்கற வெள்ளைச் சதையில பிளீச் ஒரு சொட்டு விட்டா ரத்தமா சிவக்கும். பாறையில எடுத்தது சிவக்குது, மாமரத்துல எடுத்தது சிவக்குது, கல்லறையில எடுத்ததும் சிவக்குது. சோலையில எடுத்தது மட்டும் சிவக்கல. அதனால வேற இனம். அவ்வளவுதான் அவளோட கதை, மிச்சமெல்லாம் ஜோடனை. எந்திரிச்சுக் கை கழுவப் போனேன். தொட்டிக்குக் கீழ ஒரு பிளீச் பாட்டில், சீல்கூட உடைக்காம. நேத்துதான் கழிவறை கழுவ வாங்கிக் கொண்டு வந்து வச்சாங்க. எதுக்கு எடுத்தேன்? சத்தியமாச் சொல்றேன், நல்ல எண்ணத்துல எடுக்கல. பொறுப்பாளர் ஒரு தடவை சரிபார்க்கணும்னு எனக்கு நானே ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள ஓடுனது வேற. சிவந்துரு, சாமி, சிவந்துருன்னுதான் ஓடுச்சு. ஓரத்துல நகக்கண் அளவு சீவினேன். வெள்ளையாத் தெரிஞ்சுது. மெல்லிசுக் குழாயில தொட்டு ஒரு சொட்டு விட்டேன். சிவந்துச்சு. ஐயோ, என்னமா சிவந்துச்சு. ரெண்டு மூச்சு விடறதுக்குள்ள வெளுத்தும் போச்சு, அது அப்படித்தான், நிக்காது. இன்னொரு துண்டை எடுத்தேன், சிவந்துச்சு. இன்னொண்ணு. அதுவும் சிவந்துச்சு. எழுந்து நின்னு தனியா, அந்தப் பீரோக்களுக்கு நடுவுல, கையைத் தட்டிட்டேன். போச்சுடி எப்சி. புதுசும் இல்ல, கிதுசும் இல்ல. எல்லா மலையிலயும் எல்லா மரத்துலயும் ஒரே கழுதைதான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்னேனோ. காத்தாடி சுத்துது, லேபிள் படபடங்குது. அப்பத்தான் பொட்டலத்தோட உள்பக்கம் பென்சில்ல எழுதியிருக்கறதைப் பாத்தேன். சி, அதுக்குப் பக்கத்துல ஒரு கோடு. பிளீச்சுக்குச் சிவக்கலைன்னு அர்த்தம். அந்தக் கோட்டை இழுத்து, முடியற இடத்துல கீழ ஒரு சுழி போடுவாரு. பலசரக்குச் சீட்டுல பருப்புக்குப் பக்கத்துலகூட அப்படித்தான் கோடு போடுவாரு. அவரு கையெழுத்து. டெஸ்ட் போட்டது அவரு. அவ இல்ல. எனக்கு உடனே அந்தச் சின்ன பாட்டில் ஞாபகம் வந்துருச்சு, கண்ணுச் சொட்டு மருந்து பாட்டிலைக் கழுவி அதுல பிளீச் ஊத்தி மலைக்குப் போற பைக்குள்ள போட்டு வச்சிருப்பாரே. வருசக் கணக்கா அதே பாட்டில். பிளீச் பழசானா வீரியம் போயிரும், வெறும் தண்ணி, அதைச் சொட்டு விட்டா எதுவும் சிவக்காது, மாத்துங்கன்னு சொன்னா, இன்னும் முக்காப் பாட்டில் இருக்கு கண்ணின்னு சொல்ற மனுசன். மத்ததையெல்லாம் கீழ கொண்டு வந்து காலேஜ் பிளீச்சுல பாத்திருக்காங்க, சிவந்திருக்கு. சோலையில எடுத்ததை மட்டும் ஆசை தாங்காம அங்கயே கூடாரத்துல வச்சு அந்தப் பாட்டில்ல பாத்திருக்காரு. அவளும் ஊர்ல போயி திரும்பப் போட்டுப் பாக்கல. அவளோட யுனிவர்சிட்டியில எத்தனை மெஷின் இருக்கு! நான்கூட போன்ல கேட்டேன், நீ ஒருவாட்டி பாத்தியாடின்னு. சார் கை போட்ட டெஸ்ட்டை நான் மறுபடி போடறதாக்கா, நல்லாவா இருக்கும்னா. அன்னிக்கு அது என் மண்டையில ஏறல. இப்படி ஒரு மரியாதை. இப்படி மரியாதை காட்டித்தான் தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கா, அவரு தலையிலயும் சேர்த்து. எனக்குத் தட்டின கை அப்படியே தொங்கிப் போச்சு. அவளை விழ வைக்கிறதா நினைச்சேன், குழியில நிக்கறது இவரு. இருபது வருசம் லைக்கன் பாத்த மனுசன் பழைய பிளீச்சுல டெஸ்ட் போட்டாருன்னா காலேஜ்ல நேத்து வந்த பொண்ணுகூடச் சிரிக்கும். ரிட்டையர் ஆனதுலயிருந்து முழங்காலைத் தடவிக்கிட்டு டிவி முன்னாடி சுருண்டு கிடந்தவரு இந்தப் பேரு வந்ததுக்கப்புறம்தான் காலையில எந்திரிச்சு ஷேவ் பண்றாரு. அதைப் பிடுங்கவா? சொல்லாம விட்டா என்ன? சிவப்பு நிக்கவா போகுது, என்னைத் தவிர யாரு பாத்தா? இன்னும் முப்பது வருசத்துக்கு இந்த உறையை யாரும் தொடப் போறதில்ல. அதுவரைக்கும் அவரு பேரு இருக்கட்டும். அவரு பேரு இருந்தா அவ பேரும் இருக்கும். இருக்கட்டுமா? பொய்யை எப்படி அச்சுல ஏத்தறது, இத்தனை வருசம் இந்த நாற்காலியில எதுக்கு உக்காந்தேன்? ஆகா, வந்துட்டா நியாயஸ்தி. அவ பேருக்குப் பதிலா உன் பேரு ஒட்டிக்கிட்டு இருந்திருந்தா இந்த நியாயம் பேசியிருப்பியாடி அங்கயற்கண்ணி? தெரியல. நிஜமா எனக்கே தெரியல. உண்மையும் என் வயித்தெரிச்சலும் ஒரே பக்கமா நின்னு கையைப் பிடிச்சு இழுக்குதுங்க, எது எந்தக் கைன்னு புரியல. வேண்டாம். அவருக்காக விட்டுருவோம். பாட்டிலை மூடினேன். சிவப்பு உறையை எடுத்து முன்னால வச்சு எழுத ஆரம்பிச்சேன். பார்மோட்ரீமா. நல்லா வந்துச்சு. தவமணியானம். அதுவும் அழகா வந்துச்சு, அவரு பேரை எழுதறதுன்னா எனக்கு எப்பவும் அழகா வரும். மூணாவது வார்த்தைக்குப் பேனாவை வச்சேன். எ போடணும், அவ்வளவுதான். வரல. பேனாவை உதறினேன், திரும்ப வச்சேன். எத்தனையோ நூறு லேபிள்ல எழுதுன பேருதானே, இப்ப என்ன வந்துச்சு உனக்கு? வரலைன்னா வரல.

வாசல்ல ஆட்டோ சத்தம். ஜன்னல் வழியாப் பாத்தேன். இறங்கறாங்க. அவளுக்கும் நரை வந்திருச்சு, வெயிட் போட்டிருக்கா, ரெட்டைச் சடை போயி கொண்டை. அவளோட பையை இவரு தூக்கிட்டாரு, நான் காய்கறிப் பையைக் கொடுத்தா முழங்கால் வலின்னு சொல்ற ஆளு. சரி, அதையும் விட்டேன். விருந்தாளி பை. படிக்கட்டுக்கு வந்தாங்க. "சார், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஏறுங்க"ன்னா. இவரு பிடிச்சாரு. சத்தம் போடாம, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறுனாரு. முழங்கால்ல ஆபரேஷன் பண்ணுன டாக்டர் சொல்லி, நான் சொல்லி, தொண்டைத் தண்ணி வத்தக் கத்தி, கிழவனா நான்னு கேட்டுட்டுக் கையை வீசிட்டு ஏறுவாரு. அவ ஒரு தடவை சொன்னா பிடிக்கிறாரு. அங்கதான் எனக்குப் போச்சு. முடிவு பண்ணுனது, விட்டுக் கொடுத்தது, மகராசித்தனம், எல்லாம் அந்தக் கைப்பிடியில போச்சு. அவங்க உள்ள வர்றதுக்குள்ள பாட்டிலைத் திறந்து மேசை மேல வச்சுட்டேன். "அக்கா! எப்படி இருக்கீங்க? வீசிங் எப்படி இருக்கு?"ன்னு ஓடி வந்து கட்டிக்கிட்டா. அல்வா டப்பாவை வச்சா. "உறை ரெடியாக்கா? அய்யோ, என்ன அழகா எழுதியிருக்கீங்க!"ன்னா. "ஒரு பேரு பாக்கி இருக்கே"ன்னு இவரு எட்டிப் பாத்தாரு. "அது கிடக்கட்டும்"னேன். "எப்சி, இந்தா பிளேடு. இது நேத்து வாங்குன பிளீச். நீயே ஒரு சொட்டு விட்டுப் பாரு." அவ என்னையப் பாத்தா. எதுக்குன்னு கேக்கல. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுச் சீவினா, விட்டா. சிவந்துச்சு. மூணு தலையும் குனிஞ்சு பாத்துட்டு இருந்தோம், அது வெளுக்கற வரைக்கும். "இன்னொண்ணு விடு"ன்னேன். "வேண்டாம்கா"ன்னா. இவரு பையை இன்னும் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, மூஞ்சியில ரத்தமே இல்ல, ஷேவ் பண்ணுன மூஞ்சி. அவ நிமிந்தா. "என் தப்புக்கா"ன்னா. "நான்தான் அன்னிக்கு டெஸ்ட் போட்டேன். பழைய பிளீச். சாருக்குக் காய்ச்சல், கூடாரத்துல படுத்திருந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேப்பர் இன்னும் அச்சுக்குப் போகல, திங்கக்கிழமையே திரும்ப வாங்கிடறேன். நான்தான் காரணம்னு எழுதிடறேன்."

யாருடி கேட்டா? போட்டது யாருன்னு இங்க யாரு கேட்டா? பொட்டலம் எங்க மூணு பேருக்கும் நடுவுல விரிச்சபடி கிடக்கு, அந்த சி-யும் கோடும் கோட்டுக்குக் கீழ சுழியும் மேல பாத்துக்கிட்டு. அவ அதைப் பாத்தா, நான் பாத்தேன், அவரும் பாத்தாரு. வாயைத் திறந்தாரு. இப்ப சொல்லுவாரு, இல்ல எப்சி, நான்தான்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். மூடிட்டாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. கல்யாணம் ஆன நாள்லயிருந்து அப்படி ஒரு பார்வை என்னையப் பாத்ததில்ல, கையைக் கூப்பாத குறை. அவளுக்கு ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, கீழ நாலு பேரு வேலை பாக்கறாங்க, எல்லாரும் படிக்கத்தான் போறாங்க இவ பண்ணுன தப்பை. அதெல்லாம் தெரிஞ்சுதான் சொல்றா. "ஆமா"ன்னேன். என் குரல்தான். "உன் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. ஏன்டி, ஒரு புது பாட்டில் வாங்கித் தொலைச்சா என்ன உனக்கு?" "தப்புதான்கா"ன்னா. இவரு நாற்காலியை இழுத்துப் போட்டு மெள்ள உக்காந்தாரு. "பரவால்ல எப்சி, மனுசனுக்குத் தப்பு வர்றது சகஜம்தானே"ன்னாரு. கேட்டீங்களா? மன்னிச்சு விட்டுட்டாரு. அவளும் தலையை ஆட்டுறா, "சரி சார்"ங்கறா. நான் சிவப்பு உறையை ரெண்டாக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். பேரு போச்சு, ஒட்டிக்கிட்டு இருக்கப் போறாங்கன்னு பயந்தது போச்சு, எனக்கு வேண்டியது எல்லாம் நடந்துருச்சு. அவருக்காக ஒரு பொய்யும் சொல்லிட்டேன், பெண்டாட்டின்னா அதுவும் சொல்லத்தானே செய்யணும். ஆனா எனக்கு அது தானா வரல. அவ சொல்லி முடிச்ச பிறகுதான் வாயில வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் பாட்டிலைத் திறந்து வச்சுட்டுக் காத்திருந்தவதானே. எப்சி அல்வா டப்பாவைத் திறந்து அவரு கையில கொடுத்துட்டு நிக்கறா. இதுலயும் முந்திக்கிட்டா.